ஹர்த்தால் நாளில் வழங்கிய நாற்பத்து மூன்று புத்தகங்கள்

ஒரு வெள்ளிக்கிழமை. கேரளம் முழுக்க ஹர்த்தால். பஸ் ஓடவில்லை, ஆட்டோ ஓடவில்லை, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து கேட்டில் பூட்டுத் தொங்கியது. அன்று எங்கள் பள்ளி நூலகத்திலிருந்து நாற்பத்து மூன்று புத்தகங்கள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. வழங்கியவள் நான். பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே பரிசோதனைக்கு வந்த அதிகாரியின் கையெழுத்தும், சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்ற குறிப்பும் இருக்கின்றன.

இந்த ஜூனில் லைப்ரரி சார்ஜ் கைக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, “டீச்சர், உங்க அனுபவத்த எங்களுக்கு எழுதித் தாங்க” என்று கேட்டீர்கள். வாசிப்பின் பெருமை பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், மேடையும் மைக்கும் கிடைத்தால் விடமாட்டார்கள். நான் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் தொடங்க முடியும்.

நம் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் நூலகம் உண்டு, நூலகர் கிடையாது. பாடம் நடத்துகிற ஒருவர் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, “சார்ஜ் உங்களுக்கு” என்று சொல்லிவிடுவார்கள். நான் தமிழ் டீச்சர். தம்பானூரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு அரசுப் பள்ளி, அதில் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்த தமிழ்ப் பிரிவு. என் சாவிக்கொத்தில் ஆறு சாவிகள், ஆறு இரும்பு அலமாரிகள், மாடியில் மூலை அறை. பதினோரு வருடம் வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் சார்ஜ் வைத்திருந்த சார் ஓய்வு பெற்றபோது, இருவரும் மூன்று மத்தியானம் உட்கார்ந்து புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கடைசிப் புத்தகத்துக்கு டிக் போட்டுவிட்டுக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “டீச்சர், ஒரு புத்தகம் கொறஞ்சாலும் நம்ம தலையில ஆக்கும். பூட்டியே வச்சிருங்க. ஒரு தொந்தரவும் வராது.” கெட்ட மனிதர் இல்லை. சர்வீஸ் முழுக்கப் பயந்தவர், அந்தப் பயத்தையும் சாவியோடு சேர்த்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

நான் பூட்டி வைத்தேன். ஆனால் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வழங்கல் பதிவேட்டைக் கேட்பார்களே? அதற்கு வழி எல்லாப் பள்ளியிலும் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வகுப்பு லீடர் வந்து புத்தகங்களை மொத்தமாக வாங்கிப்போனதாகக் கணக்கு. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால், இடது பக்கம் வருகைப் பட்டியல், வலது பக்கம் புத்தகப் பட்டியல், நடுவில் ஒரு டம்ளர் கட்டன் சாயா. ஒரே உட்காரலில் எழுதியது என்று தெரியக் கூடாது, அதனால் நீலப் பேனா, கறுப்புப் பேனா, இடையில் ஒரு ஜெல் பேனா. இரண்டு மூன்று பேருக்கு ‘தாமதம்’ என்றுகூடப் போடுவேன், நம்பகமாக இருக்க வேண்டும் அல்லவா.

சிரிக்கிறீர்கள். சிரிக்காதவர்களும் உங்களில் இருப்பீர்கள், அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு செய்தி சொன்னார். மாடி மூலை அறையை ஸ்மார்ட் ரூம் ஆக்கப் போகிறார்கள். பெரிய திரை, புரொஜெக்டர், குளிர்சாதனம் எல்லாம் ஒருவர் தருகிறார். அலமாரிகள் படிக்கட்டுக்கு அடியில் போகும். அடுத்த மாதம் பள்ளிக் கமிட்டி கூடும்போது கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார், அன்று முடிவு.

‘கூடாது சார்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பூட்டியே வைத்திருந்த அறைக்கு எதற்கு இந்தத் துடிப்பு என்று கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டேன். படிக்கட்டுக்கு அடியில் போன எதுவும் எங்கள் பள்ளியில் திரும்பி வெளிச்சத்துக்கு வந்ததில்லை. தமிழ்ப் பிரிவின் ஹார்மோனியம் அப்படித்தான் போனது. அந்த அறை போனால் இந்த நகரத்தில் எங்கள் பிள்ளைகள் தங்கள் மொழியில் ஒரு வரி தேடிப் போக வேறு கதவு இல்லை. திறக்காத கதவாக இருந்தாலும் கதவு என்று ஒன்று இருந்தது.

எழுந்து பேசினேன். நூலகம் கோயில், புத்தகம் விளக்கு என்று எனக்குத் தெரிந்த அத்தனை மாலைகளையும் கட்டிப் போட்டேன். ஹெட்மாஸ்டர் மலையாளி, என்னிடம் அவருடைய தமிழில் பேசுவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டீச்சரே, அம்பலம்னா ஆளு வரணும். நம்ம லைப்ரரியில பல்லி மாத்திரம்தான் உண்டு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரும் சிரித்தாள், அவள் என் சிநேகிதி.

அன்று எனக்கு ரோஷம் வந்தது. உணர்ச்சியாகப் பேசினால்தானே சிரிக்கிறீர்கள், ஆராய்ச்சியைக் காட்டினால் என்ன செய்வீர்கள் பார்ப்போம் என்று இன்டர்நெட்டில் தேடினேன். பள்ளி நூலகம் நன்றாக இருந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதியிருந்த கட்டுரை ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் இருந்த சுருக்கத்தை வாசித்தேன். எனக்கு வேண்டியது அதில் இருந்தது. பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, நேரே கல்வி அலுவலகத்துக்குப் போய் கமிட்டிக்கு வரப்போகிற அந்த அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

அவர் மஞ்சள் கோட்டைப் பார்க்கவில்லை. நேராக நாலாவது பக்கத்தைப் புரட்டினார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாக வரும்.

“டீச்சர் இதை முழுசா வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன் சார்.”

“இதுல சொல்ற பள்ளியில எல்லாம் லைப்ரரிக்குன்னு தனியா ஒரு ஆள் இருக்கு. அதுக்குப் படிச்ச ஆள், நாள் முழுக்க அங்கேயே இருக்கிற ஆள். உங்க பள்ளியில யாரு?”

“நான்தான் சார்.”

“நாள் முழுக்கவா?”

“வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு.”

காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். கோபம் இல்லை, கேலியும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அடுத்தவங்க பள்ளிக்கூடத்து ஆதாரம் எனக்கு எதுக்கு டீச்சர்? உங்க பள்ளியில என்ன நடக்குதுன்னு ஒரு ஆதாரம் கொண்டு வாங்க, பாக்கலாம்” என்றார்.

கடைசிப் பக்கம் வரை வாசிக்காத ஆராய்ச்சியை எவர் மேசையிலும் வைக்காதீர்கள். உங்களுக்குச் சாதகமான வரி முதல் பக்கத்தில் இருக்கும், உங்களை மடக்குகிற வரி நாலாவது பக்கத்தில் இருக்கும். எதிரில் இருப்பவர் அங்கேதான் போவார். நான் அன்று படியிறங்கும்போது, அந்தக் கட்டுரை உண்மையில் எனக்காக வாதாடிய கட்டுரை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ‘அப்படியானால் எங்களுக்கும் ஒரு நூலகரைத் தாருங்கள் சார்’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாசித்திருந்தால் கேட்டிருப்பேன்.

இப்போது என் குருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. என்னைவிட இருபத்திரண்டு வயது சின்னவள். பல்கலைக்கழகத்தில் நூலகவியல் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பள்ளி நூலகங்களைப் பற்றிய ஆய்வு. அனுமதிக் கடிதமும் லேப்டாப்பும் சோற்றுப் பாத்திரமுமாக, சரியாக அந்த வாரத்தில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளிப் பெண், அண்டைவீட்டாரிடம் கற்ற தமிழ்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நம்மிடம் மாவட்டத்திலேயே சுத்தமான பதிவேடு இருக்கிறது, இவள் அதை வைத்து ஆய்வு எழுதுவாள், கமிட்டியில் அதை வைப்போம், அதிகாரி கேட்ட ஆதாரம் வந்துவிட்டது! ஒன்பது வருடப் பதிவேடுகளையும் அட்டை துடைத்து அவள் முன்னால் அடுக்கினேன். நான் என்ன செய்கிறேன் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் எழுதியதில் அது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, பதிவேட்டில் ஒரு தேதிமேல் விரலை வைத்தாள்.

“டீச்சரே, ஒரு காரியம் கேக்கட்டே?”

“கேளு மக்களே.”

“இந்த வெள்ளிக்கிழமை ஸ்கூல் இருந்துதா?”

“இருந்திருக்கும். எழுதியிருக்குல்லா.”

“அன்னைக்கு ஹர்த்தால். எங்க அம்மைக்கு ஆஸ்பத்திரி போக ஒரு வண்டியும் கிடைக்காம ரோட்டுல நின்னு நான் அழுத நாளாக்கும். அதான் தேதி மறக்கல.”

“தேதி மாறிப்போயிருக்கும். வேலை அவ்வளவு கிடக்குது.”

“ஒண்ணுன்னா செரி. இது பாருங்க, மழைக்குக் கலெக்டர் லீவு விட்ட நாள். இது கலோத்சவம் நடந்த நாள். அன்னைக்கு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிட்டு வேற ஸ்கூலுக்குப் போயிருக்கீங்க. முந்தாநாள் எங்கிட்ட போட்டோ காட்டினீங்களே.”

காட்டியிருந்தேன். பள்ளிகளின் அந்தக் கலைவிழாவில், கவிதை வாசிப்பில் எங்கள் பிள்ளைக்கு ‘ஏ’ கிரேடு, அந்தப் பெருமையில் போனில் இருந்த படத்தைக் காட்டியிருந்தேன்.

“செரி, அந்த மூணு நாளையும் விட்டிரு. பாக்கிய எடுத்துக்கோ.”

“மூணு நாள் விட்டா பாக்கி நேராயிடுமா டீச்சரே?”

இங்கேதான் நான் கத்தினேன். “உனக்கு ஒரு பட்டம் கிடைக்கும், நீ போயிருவ. எனக்கு இந்த ரூமு போவும். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, தெரியுமா? பெரிசா தேதி பாக்க வந்துட்டா!” மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இரண்டு டீச்சர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அவள் வாசலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ரூமு இருக்கணும்னு எனக்கும் ஆசை உண்டு. இத வச்சு நான் எழுதுறேன்னு வையுங்க. அந்த சாரு ஒரே ஒரு தேதி பாத்தா போதும். பின்ன இந்த ஜில்லாவுல ஒரு ஸ்கூல் லைப்ரரிக்காகவும் யாரும் வாய தொறக்க முடியாது டீச்சரே.”

அன்று பாறசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவள்மேல்தான் முதலில் கோபம். பாலராமபுரம் தாண்டும்போது கோபம் என் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் ஆர்வமாக வாசிக்கிறார்கள் என்று அலுவலகத்துக்குப் பொய் எழுதினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதே இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் வருடம் முழுக்கப் புலம்பினேன். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. பூட்டிய அலமாரியிடம் நான் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்? பதினோரு வருட சார்ஜில் ஒன்பது வருடம் கழிந்திருந்தது, என் பிள்ளைகள் வாசிப்பார்களா மாட்டார்களா என்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நெய்யாற்றின்கரையில் ஏறிய ஒரு அம்மாள், “என்ன சேச்சி, சுகமில்லியா?” என்று கேட்டாள்.

மறுநாள் ஆறு அலமாரிகளையும் திறக்கப் போனேன். ஐந்து திறந்தன. ஆறாவதன் பூட்டு துருப்பிடித்துப்போயிருந்தது, பியூனைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னேன். “டீச்சர், எழுதித் தரணும்” என்றான். எழுதிக் கொடுத்தேன்.

அவள் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள். பக்கத்தில் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டாள். வந்தவர்கள், எடுத்தது, மூன்றாவது ‘கேட்டது, நம்மிடம் இல்லாதது’. மூன்றாவது பத்தியில் பெயர் எழுதக் கூடாது என்றாள். பெயர் எழுதினால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். இன்னொன்றும் சொன்னாள்: அறையைப் பூட்டுவதற்கு முன்னால் அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுத வேண்டும், என்ன நடந்ததோ அது மட்டும்.

முதல் நாள் இடைவேளை முழுக்க உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பேனா இரண்டு பெயரை எழுதத் தானாகவே நகர்ந்தது, அவ்வளவு பழக்கம். ‘இன்று யாரும் வரவில்லை’ என்று எழுதினேன். முப்பது வருட சர்வீஸில் நான் எழுதியதில் அந்த மூன்று சொற்களைப் போலக் கஷ்டமானது வேறில்லை.

இரண்டாம் நாள் எட்டாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். “என்ன வேணும் மக்களே?” என்றேன். “ஃபேனு டீச்சர்” என்றார்கள். எங்கள் மாடியில் வேகமாகச் சுற்றுகிற ஃபேன் அந்த அறையில்தான் இருந்தது. ‘நாலு பேர், காற்றுக்காக’ என்று எழுதினேன். மூன்றாம் நாள் மின்சாரம் இல்லை. அவர்களில் ஒருவன் ஒரு புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டிருந்தான், கொஞ்ச நேரத்தில் விசிறுவதை நிறுத்திவிட்டு அதில் ஏதோ படத்தைப் பார்த்தான். அதையும் எழுதினேன்.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் குடும்பம், இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். “டீச்சர், போனக்காடு பத்திப் புத்தகம் உண்டா?” என்றாள். “எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். டீச்சர் வாயில் வேறென்ன வரும்? “சும்மா” என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். “எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க டீச்சரே, அந்தக் கேள்வி கேட்டா கதவ அடைச்சது மாதிரி” என்று என் குரு என்னைத் திட்டினாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே திரும்பி வந்து சொன்னாள்: “எங்க எஸ்டேட்ட யாராவது எழுதியிருக்காங்களான்னு பாக்கத்தான் டீச்சர். இல்லேன்னா பரவால்ல.” பரவாயில்லை என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது பத்தி நிறைந்துகொண்டே வந்தது. ஃபுட்பாலில் ஆஃப்சைடு என்றால் என்ன, தமிழில். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் அத்தனை கன்டெய்னரோடு எப்படி மிதக்கிறது. பிளவுஸ் வெட்டும் அளவு. தமிழ்ச் சொல்லுக்கு மலையாளம் சொல்கிற அகராதி. கடைசி வாரம், திரும்பி வந்த புத்தகம் ஒன்றினுள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. எழுத்து மலையாளம், வாசித்தால் தமிழ். எங்கள் பிள்ளைகளில் பலர் அப்படித்தான் எழுதுவார்கள். ‘குடிய நிறுத்த வழி சொல்ற புத்தகம் உண்டா. அப்பாவுக்குத் தெரியாம படிக்கணும்.’

அந்தச் சீட்டை என் ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு, கேட்டதை மட்டும் மூன்றாவது பத்தியில் எழுதினேன்.

கமிட்டி கூடியது. ஹெட்மாஸ்டர், அதிகாரி, பி.டி.ஏ. பிரசிடென்ட், மூலையில் ஒரு நாற்காலியில் என் குரு. பிரசிடென்ட் தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், அவருடைய மகள் எங்கள் பள்ளிதான்.

அதிகாரி பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். புரட்டினார். எனக்கு எதிர்பாராத இடத்தில் அடி விழுந்தது. “வாரத்துக்கு நாப்பது புத்தகத்துக்கு மேல போகுது. நல்லாத்தானே நடக்குது டீச்சர்? லீடர் வந்து வாங்கிட்டுப் போறான். அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ரூம்? படிக்கட்டுக்கு அடியில இருந்தாலும் இது நடக்கும்.”

புரிகிறதா? என்னைக் காப்பாற்ற எழுதிய பொய்தான் அறையைக் கொண்டுபோகப் பார்த்தது. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நீங்கள் எழுதித் தந்தால், இதற்குமேல் உங்களுக்கு எதற்கு என்றுதான் எந்த அலுவலகமும் கேட்கும்.

“சார், அது பொய்” என்றேன்.

“எது?”

“அந்த ரெஜிஸ்டர். ஒம்பது வருஷமும் நான் உக்காந்து எழுதினது. ஒரு புத்தகமும் வெளிய போகல. நாப்பத்தி மூணு புத்தகம் போனதா எழுதியிருக்கிற அந்த வெள்ளிக்கிழமை ஹர்த்தால்.”

ஹெட்மாஸ்டர் குனிந்து, “டீச்சரே, இது மினிட்ஸில் வரும்” என்றார் பல்லுக்கிடையில்.

“வரட்டும் சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “நான் மெமோ தர வேண்டியிருக்கும்.”

“தாங்க சார். கூடவே, நான் ஏன் பொய் எழுதினேன்னும் எழுதுங்க. ஒரு புத்தகம் கொறஞ்சா என் தலைன்னு சொன்னா நான் பூட்டத்தான் செய்வேன். பூட்டினத தொறந்ததாக் காட்டுன்னு சொன்னா பொய்தான் எழுதுவேன். அந்தப் பக்கத்துல கீழ ‘மிக நன்று’ன்னு இருக்கு பாருங்க, உங்க சீட்டுல முன்னாடி இருந்த சார் போட்டது. எனக்கு மெமோ தாங்க, அவருக்கு ஒண்ணும் தர வேண்டாம். இனிமே பரிசோதனைக்கு வாறவங்க ரெஜிஸ்டர பாக்கிறதுக்கு முன்னாடி அலமாரிப் பூட்ட தொட்டுப் பாக்கணும்னு மட்டும் ஒரு உத்தரவு போடுங்க.”

எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும். புதிய நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை வாசித்தார். முதல் பக்கத்திலிருந்து, ‘இன்று யாரும் வரவில்லை’யிலிருந்து வாசித்தார். பிறகு கேட்டார்: “லைப்ரரி இருந்தா மார்க் கூடுமா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆமாம் என்றால் அறை கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மூலையில் அவள் தலையை மிக லேசாக, இல்லை என்று அசைத்தாள்.

“தெரியாது சார். மூணு வாரத்துல அது தெரியும்னு சொன்னா நான் மறுபடியும் ஹர்த்தால் நாள்ல புத்தகம் குடுக்கிறேன்னு அர்த்தம்.”

“பின்ன உங்க கையில என்ன இருக்கு?”

“மூணாவது பத்தி சார்.”

எழுந்து நின்று வாசித்தேன். ஆஃப்சைடு, கப்பல், பிளவுஸ், அகராதி, போனக்காடு. கடைசியில் சீட்டில் கேட்டிருந்ததையும் வாசித்தேன். அப்பாவைப் பற்றிய வரியை நான் எழுதவும் இல்லை, வாசிக்கவும் இல்லை.

பிரசிடென்ட் நாற்காலியை முன்னால் இழுத்தார். “கடைசியா சொன்னத எந்தப் பிள்ள டீச்சர் கேட்டது?”

“பேரு எழுதல. ஒரு சீட்டுல கேட்டிருந்தது.”

“சீட்டு உண்டும்னா காட்டுங்க. கையெழுத்துப் பாத்தா எனக்குத் தெரியும்லா.”

அந்த மேசையில் எனக்கு ஒரு ஓட்டு கிடைக்குமென்றால் அவரிடமிருந்துதான் கிடைக்கும். அது எனக்குத் தெரியும். “காட்ட மாட்டேன்” என்றேன். “நீங்க பிரசிடென்டா இருங்க, யாரா வேணும்னாலும் இருங்க. காட்ட மாட்டேன்.”

கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் அதிகாரி பக்கம் திரும்பி, “ரூமு அங்கேயே இருக்கட்டும் சார். எங்ககிட்ட கேக்க முடியாதத அதுங்க கேக்க ஒரு எடம் வேணும்லா” என்றார். பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்மார்ட் ரூம் கீழே பழைய லேப் அறைக்குப் போனது. அங்கேயும் நன்றாகத்தான் நடக்கிறது, எனக்குத் திரைமேல் விரோதம் ஒன்றும் கிடையாது. மாடி அறை தங்கியது. மெமோவும் சொன்னபடி வந்தது. பதில் இரண்டு பக்கம் எழுதினேன். பிள்ளைகள் கையில் புழங்கித் தொலைகிற புத்தகத்தைச் சார்ஜ் வைத்திருப்பவர் தலையில் கட்டாதீர்கள் என்று அதில் கேட்டிருந்தேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு சிவப்பு வரி இருக்கிறது. நீங்கள் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து அதன் நகலைப் பார்க்கலாம், மறைத்து வைக்கவில்லை.

என் குரு அந்த மூன்று வாரத்தைத் தன் ஆய்வில் சிறிய பகுதியாக எழுதினாள். நாங்கள் பார்த்தது இவ்வளவு, எங்களுக்குத் தெரியாதது இவ்வளவு என்று இரண்டையும் எழுதினாள். அடுத்த பள்ளியில் ஒரு அறைக்கு ஆபத்து வந்தபோது அந்த அதிகாரியே அதை நகலெடுத்து அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கும் அது வேண்டும், கேட்டு வாங்கி வாசியுங்கள். கடைசிப் பக்கம் வரை.

மூன்றாவது பத்தியை வைத்துக்கொண்டுதான் அதன் பிறகு புத்தகம் கேட்டு எழுதினேன். அகராதி வந்தது, ஃபுட்பால் வந்தது. போனக்காட்டுக்குப் புத்தகம் கிடைக்கவில்லை, அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டைக் கொடுத்து நீயே எழுது என்றேன், எழுதினாளா தெரியவில்லை. குடியை விடுவது பற்றி ஒரு டாக்டர் எளிமையாக எழுதிய சின்னப் புத்தகம் வந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், வாசலுக்குப் பக்கத்தில் கீழ்த்தட்டில், ஃபுட்பாலுக்கும் சமையலுக்கும் நடுவில் வைத்தேன். நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் அந்த இடத்தில் சிறிய சந்து இருந்தது. பதிவேட்டில் யார் பெயரும் இல்லை.

ஓய்வு பெறுகிற வாரம் சார்ஜ் ஒப்படைத்தேன். இளம் டீச்சர் ஒருத்தி, உங்களைப் போன்றவள், என்னோடு உட்கார்ந்து டிக் போட்டாள். பல புத்தகங்கள் காணாமல் போயிருந்தன, பல கிழிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் போன வழி பதிவேட்டில் இருந்தது. குடியை விடுவது பற்றிய அந்தச் சின்னப் புத்தகத்துக்கு மட்டும் இல்லை.

ஹெட்மாஸ்டர் நல்ல மனதோடுதான் சொன்னார்: “டீச்சரே, போகும்போது எதுக்கு வம்பு? டி.சி. வாங்கிப் போன ஏதாவது பிள்ளை பேருல இஷ்யூ போட்டுடுங்க. தீர்ந்துது.”

பேனா கையில் இருந்தது. நீலம், கறுப்பு, ஜெல், எல்லாம் மேசைமேல் இருந்தன. எவ்வளவு எளிது என்று அந்த அறையில் என்னைவிட யாருக்கும் தெரியாது.

இளம் டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் புத்தகத்தின் எண்ணுக்கு நேரே எழுதினேன்: ‘காணவில்லை. தேட வேண்டியதில்லை.’ கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியையும் போட்டேன்.